வாங்கிய வட்டும் கள்ளாமையும்

காசு கொடுத்து வாங்கிய ஒரு திரைப்பட டிவிடி நாளைக்குக் கீறல் விழுந்து வீணாகிவிடுமோ என்று அஞ்சி, வீட்டுக் கணினியில் அதற்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது திருட்டா? சின்னக் கேள்விதான். ஆனால் அடுத்தவர் பொருளில் ஒரு பைசாவைத் தொடாதவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். படம் தொடங்கும் முன் திரையில் வரும் எச்சரிக்கை, தெருவில் நூறு படி விற்பவரையும் அலமாரிக்கு ஒரு படி எடுப்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. வழக்கறிஞரிடம் கேட்டால் தண்டனை உண்டா இல்லையா என்று சொல்வார். செய்தது தப்பா என்பது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. அதற்கு, களவைப் பற்றிச் சமயங்களும் அறநூல்களும் யோசித்து வைத்திருப்பதைத்தான் நாட வேண்டும். அவை யோசித்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. அவற்றின் அளவுகோல்களை நேர்மையாகப் பொருத்திப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: வாங்கியவர் தனக்கென்று காப்புப் படி எடுக்கும்போது களவு நடப்பதில்லை, எடுத்த படியை அதற்குப் பிறகு அவர் எப்படி வைத்திருக்கிறார் என்பதில்தான் களவு நுழைய வழி இருக்கிறது.

பௌத்த உரையாசிரியர்கள், கொடுக்கப்படாததை எடுப்பது களவு என்று பொதுவாகச் சொன்னதோடு நிற்கவில்லை. பொருள் பிறருடையதாக இருக்க வேண்டும். பிறருடையது என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருடும் எண்ணம் இருக்க வேண்டும். அதற்கான முயற்சி நடக்க வேண்டும். அந்த முயற்சியால் பொருள் கைக்கு வர வேண்டும். ஐந்தும் கூடினால்தான் இரண்டாம் சீலம் முறிகிறது. ஒன்று குறைந்தால் அது வேறு ஏதாவது குற்றமாக இருக்கலாம், குற்றமே இல்லாமலும் போகலாம், களவு மட்டும் ஆகாது. சமணத் துறவிக்கு விதிக்கப்பட்ட நோன்பு இன்னும் கடுமையானது. பல் குத்தும் துரும்பைக்கூட அவர் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அங்கும் அளவுகோல் மாறவில்லை. கொடுத்தார்களா, கொடுக்கவில்லையா என்பதே கேள்வி. கள்ளாமையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவரும், பிறர் பொருளை வஞ்சித்துப் பெற நினைக்கும் மனத்தைத்தான் முதலில் பிடிக்கிறார். ஆகவே நம் விஷயத்தில் விசாரிக்க வேண்டியவை இரண்டு. விற்றவர் எதைக் கொடுத்தார்? படி எடுத்தவர் என்ன எண்ணத்தில் எடுத்தார்?

படி எடுப்பதற்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஓர் எளிய வாதத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். மாட்டைத் திருடினால் தொழுவம் காலியாகிறது, படத்தைப் படி எடுத்தால் அசல் அங்கேயே இருக்கிறது, எனவே இது திருட்டே இல்லை என்பது அந்த வாதம். இதை நான் ஏற்கவில்லை. உழைப்பின் பலனைப் பெறும் உரிமையும் ஒருவருடைய பொருள்தான். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப்பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத் பாதுகாக்கும் சொத்துகளே என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் முடிவு செய்தது. கையால் தொட முடியாத பொருளிலும் களவு உண்டு என்று அந்த அறிஞர்கள் சொன்னது சரி. காப்புப் படி எடுப்பவர் தன் பக்க நியாயத்தை, படைப்பாளிக்கு உரிமையே கிடையாது என்ற அஸ்திவாரத்தின் மேல் கட்டக் கூடாது. அந்த உரிமையை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகும் அவர் பக்கம் நியாயம் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

விற்பனையில் கொடுக்கப்பட்டது எது என்று பார்ப்போம். டிவிடி என்பது 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு தட்டு. 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டித்தான் அதைச் செய்கிறார்கள். லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சு இடையில் இருக்கிறது, பெரும்பாலும் அலுமினியம். விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காவிட்டால் காற்று உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. பெட்டியைத் திறந்தால் வட்டு வாங்கிய அன்று போலவே மின்னும். ஆனால் படம் ஓரிடத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இது வைத்திருந்தவரின் கவனக்குறைவு அல்ல. லேசர்டிஸ்க் காலத்திலிருந்தே சேகரிப்பவர்கள் இதை 'வட்டு அழுகல்' என்று சொல்லிவந்தார்கள். 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகள் சிலவற்றில் இந்தச் சிக்கல் இருப்பதாக வார்னர் பிரதர்ஸ் நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. வாங்கியவர் கடைக்குப் போனது அலுமினியத் தகடு வேண்டும் என்பதற்காக அல்ல; அந்தப் படத்தை வேண்டும்போது பார்ப்பதற்காக. விலையும் அதற்கேற்பத்தான் வைக்கப்பட்டது. வெற்றுத் தகட்டின் விலை அதில் ஒரு சிறு துணுக்கு. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. விற்றவரின் உரிமைக்கு இத்தனை நீண்ட ஆயுள் கொடுத்துவிட்டு, வாங்கியவரின் உரிமை மட்டும் ஒரு துளிப் பசையின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது என்று சொல்வது எந்தத் தராசில் சரியாகும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். நீங்கள் படத்தை வாங்கவில்லை, பார்ப்பதற்கான அனுமதியைத்தான் வாங்கினீர்கள், அனுமதியின் வரம்பை வகுப்பவர் விற்பவர் என்பார்கள். வாதத்துக்கு அப்படியே ஏற்போம். அனுமதியைத்தான் விற்றார்கள் என்றால், தட்டு கெட்டதும் அனுமதி கெட்டுவிடாது. கெட்ட தட்டுக்கு வேறு தட்டு தருவது அனுமதி கொடுத்தவரின் கடமை ஆகிறது. மாறாக, தட்டைத்தான் விற்றார்கள், கெட்டால் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றால், விற்ற பொருளை வாங்கியவர் வீட்டுக்குள் வைத்து என்ன செய்கிறார் என்று கேட்க விற்றவருக்கு வழி இல்லை. உடையும்போது அது சரக்கு, படி எடுக்கும்போது அது அனுமதி என்று இரண்டு நாக்கால் பேசுவது எந்த வியாபார நெறியிலும் சேராது. இந்த இரட்டைப் பேச்சு இன்று விளையாட்டு வட்டுகளில் முற்றிப்போயிருக்கிறது. பல புதிய கேம்களில் வட்டு வெறும் திறவுகோல்தான். விளையாட்டு எங்கோ உள்ள சர்வரில் இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், வட்டை வாங்கி வைத்திருந்தவர்கள் கையில் ஓடாத தகடுதான் மிஞ்சியது. அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பறிக்கக்கூடிய அனுமதியைத்தான் விற்கிறோம் என்றால், இணையத்தில் 'வாங்கு' என்று பொத்தான் வைப்பவர்கள் அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. விற்பவர் எதைக் கொடுக்கிறார் என்பதை மறைத்துப் பேசும் பழக்கம் இருந்திராவிட்டால் அப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்காது.

இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த முடிச்சை அவிழ்க்க உதவும். அனுமதியில்லாமல் புத்தகத்தை மறுபதிப்புச் செய்வது ஏன் தவறு என்று காட்டுவது அவர் நோக்கம். கள்ளப் பதிப்பாளர்களுக்கு அவர் கொஞ்சமும் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் போன வழி கவனிக்கத்தக்கது. புத்தகத்தை அவர் இரண்டாகப் பார்த்தார். கையில் இருக்கும் பொருள் ஒன்று. ஆசிரியர் வாசகர்களை நோக்கிப் பேசும் பேச்சு இன்னொன்று. பொருள் வாங்கியவருடையது. பேச்சு ஆசிரியருடையது, அவர் யாருக்கு அதிகாரம் கொடுத்தாரோ அவர் மட்டுமே அதை மக்கள் முன் கொண்டுபோகலாம். கள்ளப் பதிப்பாளரின் குற்றம், கொடுக்கப்படாத அதிகாரத்தோடு ஆசிரியரைப் பொதுவெளியில் பேசவைப்பது. கான்ட் டிவிடியைக் கண்டவர் அல்ல. இருந்தும் அவர் தர்க்கத்தை நம் கேள்வி வரை நீட்டினால் விடை தெளிவாகவே வருகிறது. வீட்டு வன்தட்டில் கிடக்கும் படி யாரையும் நோக்கிப் பேசவில்லை. இயக்குநரின் குரலை அது புதிய ஒரு காதுக்கும் கொண்டுபோகவில்லை. ஏற்கெனவே விலை கொடுத்துக் கேட்ட அதே மனிதர் மறுபடி கேட்க வகை செய்கிறது, அவ்வளவுதான். படி வீட்டு வாசலைத் தாண்டும் நொடியில் அது பொதுப் பேச்சாகிவிடுகிறது. அங்கே கான்ட் சொன்ன குற்றமும் தொடங்கிவிடுகிறது.

சரி, வட்டில் பூட்டு இருக்கிறதே? பூட்டை உடைப்பவர் திருடர் அல்லாமல் வேறு யார்? இதுதான் பலருக்கு உண்மையாகவே உறுத்தும் இடம். டிவிடியின் பூட்டுக்குச் சிஎஸ்எஸ் என்று பெயர். 40 பிட் சாவியால் படத்தைக் குழப்பி வைக்கும் முறை. சாவிகள் வட்டின் உள்வட்ட ஓரத்தில் ஒரு தனிப் பகுதியில் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் எழுதும் வட்டுகளில் அந்தப் பகுதியில் எழுத முடியாதபடி செய்துவிடுகிறார்கள். அதனால் வீட்டில் அப்படியே எடுத்த நகல் ஓடாது. ஆனால் வட்டு அச்சடிக்கும் எந்திரம் வைத்திருக்கும் கள்ளத் தொழிற்சாலை பூட்டைத் தொடவே வேண்டாம். பூட்டோடு சாவியையும் சேர்த்து அச்சடித்துவிடும், அந்த வட்டு எந்தப் பிளேயரிலும் ஓடும். பெருந்திருடனை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் தடுக்கும் பூட்டு இது. 1999இல் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோஹான்சன் வேறு இருவரோடு சேர்ந்து இதைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். வழக்குத் தொடுத்தார்கள். சட்டப்படி வாங்கிய வட்டில் உள்ள படத்தைப் பார்க்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுவித்தது; மேல்முறையீட்டிலும் அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையானார். பூட்டு என்பது இன்னாருக்கு இது கொடுக்கப்படவில்லை என்பதன் அடையாளம். கொடுக்கப்பட்டவர் கையிலேயே அது மாட்டிவிடப்பட்டிருந்தால் அந்த அடையாளம் பொய்யாகிறது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியை விற்பதையும் தனிக் குற்றங்களாக்கியது. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் டிவிடியைக் கணினியில் சேமித்து வைக்கும் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோ கூட்டரசு நீதிமன்றம் 2009இல் அதற்குத் தடை விதித்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி மர்லின் ஹால் படேல் ஒன்றை மறைக்காமல் குறிப்பிட்டார். தன் சொந்த டிவிடிக்கு ஒருவர் காப்புப் படி வைத்துக்கொள்வது நியாயமான உபயோகமாகவே இருக்கலாம். ஆனாலும் அதற்கான கருவியைச் செய்வதும் விற்பதும் சட்டவிரோதம் என்றார். செயல் நியாயமாக இருக்கலாம், அதைச் செய்ய உதவும் கருவி கூடாது என்ற நிலை எப்படி வந்தது? சட்டத்தால் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நல்லெண்ணத்தில் எடுத்த படி எது, விற்க எடுத்த படி எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே பார்க்க முடிகிற ஓரிடத்தில், பூட்டின் மேல், குற்றத்தை ஏற்றிவைக்கிறது. சட்டத்தின் இந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. மனசாட்சிக்கு அந்தச் சங்கடம் கிடையாது, அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சட்டம் தன் வசதிக்காகப் போட்ட கோட்டை, அறத்தின் கோடு என்று மனசாட்சி மயங்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பழைய அற மரபுகளுக்கு நெருக்கமாக நிற்கிறது என்பது என் கணிப்பு. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பூட்டைத் திறப்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. உரிமையை மீறும் எண்ணத்தோடு திறந்தால்தான் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். கேம் போன்ற கணினி நிரல்களுக்கு, தொலைவதிலிருந்தும் சேதத்திலிருந்தும் காக்க மட்டும் காப்புப் படி எடுக்கலாம் என்று 52ஆவது பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. பௌத்த உரையாசிரியர்கள் மூன்றாவதாக வைத்த திருடும் எண்ணம் இங்கே சட்டத்தின் வாசகத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் தடுக்கும் நாட்டில் வாழ்பவர் என்ன செய்வது? நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் ஓர் அறமே. பல சமயங்கள் அதைக் கடமையாகச் சொல்கின்றன. அங்கே கட்டுப்பட்டு நடப்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டத்தை மீறுவதும் களவும் ஒன்றல்ல. பிரிட்டனில் வாங்கிய இசை வட்டைச் சொந்த உபயோகத்துக்குப் படி எடுப்பது 2014 அக்டோபர் 1 முதல் சட்டப்படி சரியானது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்ததும் மறுபடி தவறானது. ஒரே மனிதர், ஒரே வட்டு, ஒரே செயல். அந்த ஒன்பதரை மாதமும் உத்தமராக இருந்தவர் அதற்கு அடுத்த வாரம் கள்வர் ஆனார் என்று எந்த அறநூலும் சொல்லாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருட்டு விசிடி எத்தனை தயாரிப்பாளர்களைக் கடனாளியாக்கியது என்பதைக் கண்டவர்கள் நாம். 2004இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கள்ளப் படியும் எங்கோ ஒருவர் எடுத்த முதல் படியிலிருந்துதானே பிறக்கிறது, காப்புப் படி என்ற பெயரில் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறீர்களே என்று கேட்டால், அந்த ஆதங்கம் நியாயமானது. என் பதில், கதவு எது என்று சரியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். திரையரங்கில் ஒளித்து வைத்த கேமராவும், லேபிலிருந்து கசிந்த பிரதியும், கள்ள அச்சுக்கூடமும் காப்புப் படி எடுத்தவரின் அலமாரியிலிருந்து வந்தவை அல்ல. ஒருவேளை ஒரு படி அங்கிருந்து வெளியே போனால், அது போன கணத்தில் குற்றம் நடக்கிறது. அதைச் செய்தவர்மேல் முழுப் பழியும் விழட்டும். நண்பருக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதும் அதில் சேர்ந்ததுதான். காசு வாங்கவில்லையே என்ற சமாதானம் அங்கே செல்லாது. நண்பருக்குப் படைப்பாளி எதையும் கொடுக்கவில்லை. தன்னுடையதல்லாத ஒன்றைத் தானம் செய்யும் அதிகாரம் வாங்கியவருக்கும் இல்லை.

காப்புப் படியின் ஒழுக்கம் அதை எடுத்த நாளோடு முடிவதில்லை. அது நாள்பட நீளும் ஓர் உறவு. அசல் வட்டு கையில் இருக்கும்வரை படி அதன் நிழலாக இருக்கிறது. வட்டைப் பழைய வட்டுக் கடையில் விற்றுவிட்டுப் படியை வைத்துக்கொண்டால், ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது இப்போது இருவரிடம் இருக்கிறது. அன்று எடுத்தபோது இல்லாத களவு, விற்றபோது பிறந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த வட்டும் நூலகத்து வட்டும் அப்படியே. அங்கே கொடுக்கப்பட்டது சில நாள் பார்வை மட்டும், படி எடுத்தால் கெடுவைக் கடந்து எடுத்ததாகும். அமெரிக்கச் சட்டம்கூட ஒரு மூலையில் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 1980இல் கணினி நிரல்களுக்கு வகுத்த 117ஆவது பிரிவின்படி, காப்புப் படி எடுக்கலாம். நிரலை வைத்திருக்கும் நியாயம் போன அன்று படிகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். விற்றால் அசலோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பிரிட்டனின் குறுகிய காலச் சலுகையிலும் இதே நிபந்தனை இருந்தது. பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் உறவைப் பற்றிக் கவலைப்பட்ட விதிகள் இவை. யாரும் வந்து சோதிக்க முடியாத இடத்தில் இதைக் கடைப்பிடிப்பதுதான் கள்ளாமை. எடுக்கும்போது கைநடுங்குகிறவர்கள் பலர். விற்கும்போது அழிக்க நினைவு வைத்திருப்பவர்கள் சிலர். நடுக்கம் இடம் மாறி வருகிறது என்பதே என் கவலை.

கடைசியாக ஓர் உட்சமய மறுப்பு. தேவைக்கு மேல் சேர்ப்பதே களவு என்று 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதினார் காந்தி. அழியப்போகும் ஒன்றை அழியவிடாமல் பிடித்துக்கொள்வது பற்று அல்லவா என்று பௌத்தரும் சமணரும் கேட்கலாம். பார்க்காத படங்களை டெராபைட் கணக்கில் குவித்து வைத்திருப்பவரைப் பார்த்து அதைக் கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் காப்புப் படி புதிய அனுபவம் எதையும் கூட்டித் தருவதில்லை. இருப்பதைக் குறையாமல் வைக்கிறது. உடைமை துறப்பதை வலியுறுத்திய சமணமே, நூலைப் படி எடுப்பதைப் பெரும் தானமாகக் கொண்டாடியது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே, பொன்னனின் 'சாந்திபுராண'த்தை ஆயிரம் ஓலைப் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார். ஓலை அழியும், நூல் அழியக் கூடாது என்று அவர் வேறுபடுத்தினார். அன்று படி எடுக்கக் கூலி ஆயிற்று, இன்று செலவே இல்லை, படைப்பாளியின் பிழைப்பும் இன்று வேறு. ஆயிரம் படி எடுத்துக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஒரே ஒரு படியை, நம் வீட்டுக்குள், நமக்காக வைத்துக்கொள்ளும் நியாயம் இருக்கிறது.

உங்கள் அலமாரியில் உள்ள வட்டுகளுக்குப் படி எடுத்து வையுங்கள். பத்தாண்டு கடந்தவற்றுக்கு உடனே எடுங்கள். அந்த வட்டை விற்கும் நாளிலோ யாருக்காவது கொடுக்கும் நாளிலோ, வன்தட்டில் உள்ள படியை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.